கயலுக்கு, அந்த ஸ்டெம் செல் விளம்பரம் பற்றி

அன்புள்ள கயல்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தைப் படித்தோம். உன் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச்செல்) எடுத்து ஏற்றினால் உன் சர்க்கரை நோய்க்கு இன்சுலினே வேண்டாமாம். அப்பா உடனே நகைக்கடன் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். நான்தான் பொறுங்கள் என்றேன்.

விஷயம் முழுப்பொய்யாக இருந்தால் தள்ளிவிடலாம். அப்படி இல்லையே! பிரேசிலில் வோல்டரெல்லி என்ற டாக்டரின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், 15 பேரில் 14 பேர் கொஞ்ச காலமாவது ஊசி இல்லாமல் இருந்தார்கள். ஆனால் எல்லாருமே டைப் 1 சர்க்கரை நோய் தெரிந்து ஆறு வாரம் தாண்டாதவர்கள். அவரவர் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லை எடுத்துவைத்து, கடும் மருந்தால் எதிர்ப்புச் சக்தியை அடக்கி, அப்புறம் திரும்ப ஏற்றினார்கள். இன்சுலின் சுரக்கும் செல்லை உடம்பே தாக்குவது அதனால் ஓய்ந்தது, மிச்சமிருந்தவை பிழைத்தன. பிறகு பலரும் ஊசிக்கே திரும்பினார்கள். உனக்கு வந்தது எட்டாம் வகுப்பில். பிழைக்கவைக்க இப்போது என்ன மிச்சம் இருக்கும்?

கொழுப்பு விஷயமும் நிஜம்தான். சீனாவில் தியான்ஜினில், 25 வயதுப் பெண்ணின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்லை ரசாயனங்களால் மாற்றி, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்லாக வளர்த்து, 2023 ஜூனில் வயிற்றுத் தசையின் உறைக்குக் கீழே வைத்தார்கள். 75 நாளில் ஊசி நின்றது. கொழுப்பை உறிஞ்சி அன்றைக்கே ஏற்றும் வேலை இல்லை அது. போதாததற்கு அந்தப் பெண் ஏற்கெனவே கல்லீரல் மாற்றிக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருந்தவள். அந்த மருந்து இல்லாத உடம்பில் இது நிற்குமா என்பதை அவளை வைத்துச் சொல்ல முடியாது.

இங்கே ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி, சர்க்கரைக்கு ஸ்டெம் செல் என்பது ஆய்வாக மட்டுமே நடக்கலாம், சேருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது. இவர்களோ முன்பணமே லட்சத்தில் கேட்கிறார்கள். ஆய்வு என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ., அதாவது நம் நாட்டு மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின், பதிவு எண்ணைக் கேள். சித்தப்பாவின் ஆவாரம்பூக் கஷாயம் மாதிரி குடித்துப் பார்ப்போம் என்று விட இது வாயில் போகிற சமாச்சாரம் இல்லை.

அப்புறம், தொடையில் ஊசி போடும் இடம் கட்டிக்கட்டியாக இருந்ததே, இன்னும் அங்கேயேதான் போடுகிறாயா? அங்கே போட்டால் மருந்து சரியாக ஏறாது, சர்க்கரை தாறுமாறாக ஆடும். இடத்தை மாற்று. புனேயில் பென் ஊசி விலை அதிகம் என்றாயே, தீபாவளிக்கு வரும்போது எடுத்துப் போக இரண்டு டப்பா வாங்கி வைக்கிறேன்.

அம்மா