செம்பும் இறாலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் ஏற்பட்ட சந்தோஷம், அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் போய்விட்டது. உன் கடல்மீன் தொட்டியில் மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றிய மறுநாள் காலையில் இறால் இரண்டும் செத்துக் கிடந்தன, நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்திருந்தன என்கிறாய். அந்த மருந்துப் புட்டியை எடுத்துப் பார். செம்பு, அதாவது காப்பர், என்று போட்டிருக்கும்.

உன்னைத் திட்ட எனக்குத் தகுதியில்லை. நானும் அதையேதான் செய்தேன். நீல டாம்செல் என்ற சின்னக் கடல்மீன் ஒன்றை வாங்கி வந்து, தனித்தொட்டியில் வைக்காமல் நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். பத்தே நாளில் எல்லா மீன் மேலும் உப்புத் தூவினது போல வெண்புள்ளி, எல்லாம் ஓர் ஒட்டுண்ணியின் வேலை. பதறிப்போய்ச் செம்பை ஊற்றினேன். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு இருந்தால் போதும், ஒட்டுண்ணி சாகும், மீன் தாங்கிக்கொள்ளும். இறால், நத்தை, பவளம் எதுவும் தாங்காது. அதோடு போயிற்றா? பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கக்கும். நான்கு மாதம் கழித்து விட்ட நத்தையும் செத்தது. கடைசியில் பாறையையே மாற்றினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புள்ளி மறைந்துவிட்டது, குணமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பாதே. ஒட்டுண்ணி சில நாள் மீனின் தோலில் தின்றுவிட்டுத் தானாகவே உதிரும். மணலிலோ பாறையிலோ கூடு கட்டி உள்ளேயே பல நூறாகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி வரும். கூட்டுக்குள் இருக்கும்போது செம்பு அதை ஒன்றும் செய்யாது. அதனால் மீன்களை மட்டும் பிடித்து, மணல் பாறை ஏதுமில்லாத வெறும் தொட்டியில் வைத்து அங்கே மருந்து கொடு. ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு போதும். பெரிய தொட்டி 11 வாரம் மீனில்லாமல் கிடக்கட்டும். மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி பட்டினியில் சாகும். இறாலும் நத்தையும் இருந்தாலும் அவற்றில் அது பிழைக்காது. உன்னிடம் இப்போது அவையும் இல்லை, பாவம்.

தண்ணீர் குறையும்போது உப்புத் தண்ணீர் ஊற்றுவதாகவும் எழுதியிருந்தாய். ஐயா, ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால் 1.025-ல் இருக்க வேண்டிய தொட்டித் தண்ணீரின் அடர்த்தி, நீ செய்வது போல ஊற்றினால் சத்தமில்லாமல் 1.030-க்குப் போய்விடும். மீன் கொஞ்சம் பொறுக்கும். இறால் பொறுக்காது. புதிதாக வாங்கியதைத் தொட்டியில் விடும்போதும் அப்படித்தான், மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரமாவது கலந்த பிறகுதான் விட வேண்டும்.

என் வீட்டுச் செய்தி ஒன்று. போன வாரம் விடியற்காலையில் பார்த்தால் க்ளீனர் இறால் மல்லாந்து கிடக்கிறது. கால், மீசை, கண் எல்லாம் அப்படியே இருந்தன. மனசு உடைந்து வலையில் எடுத்தால் காகிதம் போல லேசாக, உள்ளே ஒன்றுமில்லை! பழைய ஓட்டைச் சட்டை போலக் கழற்றிப் போட்டுவிட்டு இறாலம்மா பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். புது ஓடு கெட்டிப்படும் வரை உடம்பு மெத்தென்று இருக்கும், அதனால் வெளியே வர மாட்டாள். நேற்று வந்து என் கையில் ஏறி நகத்தைச் சுரண்டினாள்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது: செம்பை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரித்தூள் போடு, தண்ணீரை வாராவாரம் மாற்று, ஒரு செம்புச் சோதனை கிட் வாங்கு. அது பூஜ்யம் காட்டிய பிறகும் ஒரே ஒரு நத்தையை மட்டும் விட்டுப் பார். என் தொட்டியில் ஸ்டோமடெல்லா நத்தைகள் பெருகிக் கிடக்கின்றன, அந்த முதல் நத்தையை நான் தருகிறேன். பாட்டிலில் போட்டு நானே எடுத்து வருகிறேன், பேத்தியையும் பார்த்த மாதிரி இருக்கும்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தொட்டிக்கு அடியில் குனிந்து பம்ப்பைக் கழற்றும் வேலையை மகனிடம் விடு.

அன்புடன்,
உன் பழைய தோழன்