கவிழ்த்துப் பார்க்காமலே ஒரு விலை

ஆசிரியருக்கு,

பழைய மரச்சாமான்களுக்கு இப்போது நல்ல விலை என்று போன ஞாயிறு எழுதியிருந்தீர்கள். சரி, அந்த விலையை யார் போடுகிறார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன எங்கள் ஐயாவின் சாய்வு நாற்காலி, பாகம் பிரித்ததில் என் பங்குக்கு வந்தது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கால் போட்டுக்கொள்ளக் கைகளின் அடியிலிருந்து வெளியே திருப்புகிற நீளப் பலகைகள். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து, நின்ற வாக்கில் தட்டிப் பார்த்து, "ஆறாயிரம் தரலாம் ஆச்சி" என்றார். வாங்குகிறவரே மதிப்புப் போட்டால் வேறெப்படி இருக்கும்?

எங்கள் ஊர் ஆசாரி, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்ட பிறகுதான் வாயே திறந்தார். பழைய கைவேலைதான் என்று அடையாளங்களைக் காட்டினார். பாலிஷ் படாத அடிப்பக்கத்தில் கை இழைப்புளியின் தடம். மூட்டெல்லாம் துளைக்குள் செருகிய கழுந்தும் மர ஆணியும். பிரம்பு, சட்டத்தில் துளை போட்டு இழை இழையாகக் கோத்தது. இப்போதோ பின்னிய பாயாக வாங்கி, சட்டத்தில் வெட்டிய காடியில், அதாவது பள்ளத்தில், அழுத்திவிடுகிறார்கள். ஒரே ஒரு திருகாணியின் தலையில் கூட்டல் குறி. அந்த வகை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது, ஆகவே அது பின்னாளில் பார்த்த ரிப்பேர். பழைய பாலிஷைச் சுரண்டினால் மதிப்பு போய்விடும் என்றும் எச்சரித்தார். அவர் அதைச் சொல்வதற்குள் என் தம்பி தன் பங்கு அலமாரியைப் பளபளவென்று ஆக்கிவிட்டான். இப்போது வியாபாரிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதற்கிடையே சிங்கப்பூரில் இருக்கும் பேரன் நாற்காலியைக் கேட்கிறான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள பொருளுக்கு 100 வயது ஆகிவிட்டால் தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால் அனுப்பலாம். ஆக, விற்பதென்றால் வயது கூட இருக்க வேண்டும், பேரனுக்கு அனுப்புவதென்றால் குறைய இருக்க வேண்டும்!

வாங்கும் எண்ணமில்லாத ஒருவர் பார்த்துச் சொல்ல எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910 முதல் இருக்கிறது. அங்கே மாதம் ஒரு நாள், மக்கள் கொண்டுவரும் பொருளையோ அதன் போட்டோவையோ பார்த்து, என்ன மரம், ஏறக்குறைய எத்தனை வயது என்று எழுதித் தரலாம். விலை சொல்ல வேண்டாம், அதை நாங்களே பேசிக்கொள்வோம்.

ஒரு வாசகி,
தேவகோட்டை