எலியில நடந்ததுன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல "தைராய்டு மாத்திரைக்கு இனி குட்பை"ன்னு போட்டிருந்தீங்க. ஸ்டெம் செல்லுலருந்து, அதாவது வேற வேற உறுப்போட செல்லா மாறக்கூடிய மூல செல்லுலருந்து, தைராய்டு செல்லை வளத்துட்டாங்க, சந்தோஷம்தான், எனக்கு 2009ல கேன்சருக்காக தைராய்டை முழுசா எடுத்தாச்சு, அன்னைலருந்து தினமும் வெறும் வயித்துல மாத்திரைய போட்டுட்டு காபிக்கு ஒரு மணி நேரம் காத்துக் கெடக்குறவ நான், என்னைவிட யாரு இதுக்கு ஆசைப்படப் போறா. ஆனா அது எலியில நடந்ததுன்னு எங்கயுமே எழுதலையே சார்?

உங்களுக்குத் தெரியாததில்ல. பிரஸ்ஸல்ஸ்ல கோஸ்டாக்லியோலாங்கிற விஞ்ஞானியோட குழு 2012லயே எலியோட கரு ஸ்டெம் செல்லுல என்கேஎக்ஸ்2-1, பேக்ஸ்8னு ரெண்டு ஜீனை கொஞ்ச நாள் தூண்டிவிட்டு, தைராய்டைத் தூண்டுற டிஎஸ்எச் ஹார்மோனைச் சேத்து வளத்து, தைராய்டு இல்லாத எலியோட கிட்னி உறைக்கு அடியில வச்சாங்க, அது அங்க ஹார்மோன் சுரந்துச்சு. 2022ல மனுஷ ஸ்டெம் செல்லுலயும் செஞ்சாங்க, அதையும் வச்சுப் பாத்தது எலிக்குள்ளதான். அந்த எலிங்களுக்கு கதிரியக்க அயோடின் குடுத்துத்தான் தைராய்டை அழிச்சாங்கன்னு மக வாசிச்சுச் சொன்னப்ப எனக்கு என்னமோ பண்ணிடுச்சு, ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கும் அதேதான் குடுத்து தனி ரூம்ல வச்சிருந்தாங்க.

என் நாத்தனார் உங்க பேப்பர நம்பி மாத்திரைய நிறுத்திட்டாங்க. நான் சொல்லச் சொல்ல "அண்ணி, பேப்பர்காரங்க பொய்யாவா எழுதுவாங்க?"ன்னாங்க. இப்படித்தான் முன்னாடி முட்டைக்கோஸ் தொட்டாலே தைராய்டு போயிடும்ங்கிற மாதிரி எழுதுனீங்க, எங்க வீட்ல பல மாசம் பொரியலே கிடையாது. ஸ்டெம் செல் ஊசி போட்டா எல்லாம் சரியாகும்னு ஒரு கிளினிக் விளம்பரம் அரைப் பக்கத்துக்கு வந்துச்சு, அப்பவும் கடிதம் எழுதுனேன், போடல. ரத்த நோய் மாதிரி சிலதுக்கு எலும்பு மஜ்ஜை மாத்துறதத் தவிர மத்ததுக்கெல்லாம் ஆராய்ச்சிக்கு வெளிய ஸ்டெம் செல் குடுக்கக் கூடாதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017லயே வழிகாட்டுதல் போட்டிருக்கே, அத ஒரு நாளாவது முதல் பக்கத்துல போட்டீங்களா? இருபத்தஞ்சு வருஷமா உங்க பேப்பர்தான் வாங்குறோம், அந்த உரிமையிலதான் கேக்குறேன், மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு.

அதே பக்கத்துல, அதே எழுத்து அளவுல, "இது எலியில நடந்த ஆராய்ச்சி, டாக்டர கேக்காம யாரும் மாத்திரைய நிறுத்தாதீங்க"ன்னு ஒரு பெட்டிச் செய்தி போடுங்க. நான் வெட்டி எடுத்துட்டுப் போயி நாத்தனார்கிட்ட குடுக்கணும், நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி