பிள்ளையிடம் ‘தப்பு என்னுடையது’ என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் வீட்டில் மரியாதை என்று ஒன்று இருக்காது, தப்பே செய்திருந்தாலும் அன்பால் சரிக்கட்ட வேண்டுமே தவிர வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தார். போன மே மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். மகன் எட்டாம் வகுப்பு. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் பணம் கட்ட பீரோவைத் திறந்தால், 500 ரூபாய்த் தாள் பத்து வைத்திருந்த இடத்தில் எட்டுதான் இருந்தது. அதற்கு முந்தின வாரம் முழுக்க அவன் 900 ரூபாய்க்கு ஒரு கிரிக்கெட் மட்டை பார்த்துவிட்டு வந்து நச்சரித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. மனைவியின் தம்பி வந்திருந்தார், பக்கத்து வீட்டு அக்கா ஏதோ வாங்க வந்து வாசலில் நின்றிருந்தார். அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கூப்பிட்டு, எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். எடுக்கவில்லை என்றான். முதுகில் இரண்டு வைத்தேன். பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஜியோமெட்ரி பாக்ஸ் விழுந்து திறந்து காம்பஸும் ரப்பர் துண்டுகளும் கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடின, கடலைமிட்டாய்க் காகிதம் ஒன்று, யாரோ கொடுத்த புளியங்காய் நாலு, வேறொன்றும் இல்லை. அப்போதும் நான் நிற்கவில்லை. ராத்திரி ஊருக்குப் போன் போட்டு என் அம்மாவிடம், உன் பேரன் செய்த காரியத்தைக் கேள் என்று அதையும் சொல்லி வைத்தேன்.

புதன்கிழமை சிலிண்டர்காரர் வந்தார். கேஸ் புத்தகத்தை எடுத்து விரித்தால் உள்ளே இரண்டு 500 ரூபாய்த் தாள். சிலிண்டருக்கு ஆகும் என்று நானே எடுத்துச் செருகி வைத்து, நானே மறந்திருக்கிறேன்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்த வாசகர் சொன்னதைத்தான் செய்தேன். அன்பால் சரிக்கட்டினேன். சாயங்காலம் அந்த மட்டையை வாங்கிக்கொண்டு, புரோட்டாவும் ஆம்லேட்டும் பார்சல் கட்டிக்கொண்டு வந்தேன். பணம் கிடைத்துவிட்டது என்று மனைவியிடம் மட்டும் அடுக்களையில் மெதுவாகச் சொன்னேன். அவனிடம், சாப்பிட வாடா என்றேன். வந்தான், சாப்பிட்டான். மட்டை கதவு மூலையில் சாத்தி வைத்தபடியே இருந்தது.

நம் வீடுகளில் மன்னிப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும். அடித்த ராத்திரி அம்மா கூடுதலாக ஒரு முட்டை வைப்பார். அப்பா தூங்கும்போது வந்து போர்வையை இழுத்து விட்டுவிட்டுப் போவார். இது பொய் அன்பு என்று நான் சொல்ல மாட்டேன், நாம் எல்லாரும் அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் புரோட்டா வாங்கிக் கொடுத்தால் அது பிள்ளைக்கு என்ன சொல்கிறது? அப்பாவுக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்கிறது. நீ திருடன் இல்லை என்று சொல்லவில்லையே. திருடியதை அப்பா மன்னித்துவிட்டார் என்றுகூட அவன் எடுத்துக்கொள்ளலாம். வாயால் போட்ட பழியை வாயால்தான் எடுக்க முடியும் என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது.

மே மாதம், லீவு. மனைவி எதையோ தைக்கக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்கவில்லை, எங்கே போச்சு என்று தனக்குத் தானே முனகினாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த அவன் திரும்பாமலே, “நான் எடுக்கலம்மா” என்றான். எனக்குச் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் யோசித்தால் அதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறான். சார்ஜரைக் காணோம் என்றபோது, சைக்கிள் சாவியைக் காணோம் என்றபோது. வீட்டில் எது காணாமல் போனாலும், நான் எடுக்கவில்லை என்பதை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிற பிள்ளையாக அவனை ஆக்கி வைத்திருக்கிறேன்.

மதுரைக்காரர்கள் நாங்கள், பாண்டியன் நெடுஞ்செழியன் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். ராணி ஊடலில் இருக்கிறாள், அவளைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் ராஜா விசாரிக்காமலே ஆணை போட்டுவிடுகிறான், கோவலன் வெட்டுப்படுகிறான். அந்த அவசரம்தான் என்னிடமும் இருந்தது. ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்து, ராணியின் முத்துக்குப் பதிலாக உள்ளே இருந்து மாணிக்கம் தெறித்ததும் அந்த ராஜா என்ன செய்தான்? கோவலன் வீட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் பொன் அனுப்பவில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முன்னால், தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டு உயிரை விட்டான். இன்றைக்கு வரைக்கும் அவனை யாராவது மரியாதை கெட்ட ராஜா என்று சொல்கிறோமா? பட்டிமன்றம் தோறும் நீதி தவறாதவன் என்றுதானே பேசுகிறோம்.

மரியாதை போய்விடும் என்கிற பயத்தைப் பற்றி எனக்கு என் வேலையிலிருந்தே பதில் இருக்கிறது. போர்டில் கணக்குப் போடும்போது நான் தப்புவிடுவதுண்டு. “சார், மூணாவது வரியில மைனஸ் விட்டுட்டீங்க” என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். பார்ப்பேன், சரிதான்டா என்று அழித்துத் திருத்துவேன், கணக்கு மேலே போகும். இருபது வருடமாக இப்படித்தான். ஒரு பிள்ளைகூட இதனால் என்னை இளக்காரமாகப் பார்த்ததில்லை. அந்த மைனஸைத் திருத்தாமல், நான் சார், நான் போட்டது சரிதான் என்று கடைசி வரி வரைக்கும் போயிருந்தால்தான் என் மரியாதை போயிருக்கும். விடை தப்பாக வரும் என்று வகுப்புக்கே தெரியும். வீட்டிலும் அப்படித்தான். நாம் தப்பு செய்துவிட்டோம் என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். நமக்குத் தெரியுமா இல்லையா என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

இன்னொன்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை அடிக்கக் கூடாது, மனசு நோகப் பேசவும் கூடாது. நானும் பிரம்பைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. ஊரார் பிள்ளை மேல் படாத கை, வீட்டுக்கு வந்து சொந்தப் பிள்ளையின் முதுகில் விழுந்திருக்கிறது. பெற்றவர்களே அடிக்கக் கூடாது என்று ஸ்வீடனில் 1979லேயே சட்டம் போட்டார்கள், உலகத்திலேயே முதலில் அங்கேதான். இங்கே வீட்டுக்கு அப்படி நேரான சட்டம் இல்லை. அப்படியென்றால் வீட்டில் தப்பு நடந்தால் அதைத் தப்பு என்று சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எட்வர்ட் டிரானிக் என்கிற அமெரிக்க உளவியல் அறிஞர் 1970களில் செய்த சோதனை ஒன்று உண்டு. அம்மா குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டே இருந்து, திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சும்மா உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். பிறகு அம்மா பழையபடி முகத்தைக் கொடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடும். எந்த அம்மாவும் பிள்ளையும் எந்நேரமும் இசைவாக இருப்பதில்லை, விலகுவதும் திரும்பச் சேர்வதும்தான் இயல்பு, அந்தத் திரும்பச் சேர்வதில்தான் பிள்ளைக்கு நம்பிக்கை வளர்கிறது என்று டிரானிக் சொன்னார். படிக்கும்போது எனக்கு அந்த மூன்று மாதம் நினைவுக்கு வந்தது. நான் முகத்தைக் கொடுக்காமலே இருந்திருக்கிறேன்.

எல்லா மன்னிப்பும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. “அடிச்சது தப்புதான், ஆனா நீயும்...” என்று இழுப்பதைவிடச் சும்மா இருப்பதே மேல். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு பழி மறுபடி பிள்ளை தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைவிடக் கொடுமை ஒன்றையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாவைப் பற்றி ஒரு பையன் சொன்னான், “தினமும் காலைல அழுதுட்டு சாரி சொல்வாரு சார், நான்தான் பரவாயில்லப்பான்னு சொல்வேன்” என்று. அது மன்னிப்புக் கேட்பதில்லை, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏறி உட்கார்வது. அடுத்த நாள் கை ஓங்காமல் இருந்தால்தான் முந்தின நாள் சொன்ன வார்த்தைக்கு அர்த்தம்.

என் அப்பாவும் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குத் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை, அவர் பிடிவாதமாகக் கணக்கில் சேர்த்தார். கடைசிக் காலத்தில் என் மனைவியிடம், “அவனுக்குத் தமிழ்தான் பிடிச்சுது, நான்தான் கேக்கல” என்று சொன்னாராம். அவர் போன பிறகுதான் அவள் எனக்குச் சொன்னாள். நான் பக்கத்து அறையில்தானே இருந்தேன், கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே.

கத்தரிக்கோலைத் தேடிய அன்றைக்கு ராத்திரியே மகனிடம் பேசினேன். மனைவியையும் பக்கத்து வீட்டு அக்காவையும் வைத்துக்கொண்டுதான் பேசினேன், அவர்கள் முன்னால்தானே அவனைத் திருடன் என்றேன். பணத்தை நான்தான் கேஸ் புத்தகத்தில் வைத்து மறந்தேன், நீ எடுக்கவில்லை, எடுக்காத உன்னை அடித்தேன், பையைக் கொட்டினேன், கிடைத்த பிறகும் சொல்லாமல் இருந்தேன், எல்லாமே என் தப்பு என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவன் அழவில்லை, ஓடி வந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “அப்பத்தாகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?” என்று கேட்டான்.

மூன்று மாதமாக அவன் மனசில் இருந்தது முதுகில் விழுந்த அடியில்லை, அப்பத்தா தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்பது. அப்போதே ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் சொன்னேன். “அன்னிக்கே சொன்னேன்ல, எம்பேரன் எடுக்க மாட்டான்னு” என்று அம்மா என்னைத் திட்டத் திட்ட, அவன் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

இன்னும் ஒருவர் பாக்கி, அவன் மாமா. அவரிடம் போனில் சொன்னால் போதுமா என்று மகனிடம் கேட்டேன். வேண்டாம், தீபாவளிக்கு அவர் நம் வீட்டுக்கு வரும்போது நேரில் சொல்லுங்கள் என்றான். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியர்,
திருமங்கலம்.