தேவதூதர்களைச் சுட்டது குரோம்வெல் படை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரை பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். பிளைத்பரா ஊரின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைத் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று பல வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன் நான், அதனால் சந்தோஷமாகத்தான் தொடங்கினேன். ஆனால் கூரைப் படத்தின் கீழே, "குரோம்வெல்லின் வீரர்கள் துப்பாக்கியால் சுட்ட தேவதூதர்கள்" என்று போட்டிருந்தீர்கள். அது தவறு. (குரோம்வெல் என்பவர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த பாராளுமன்றப் படைத் தலைவர்களில் ஒருவர்.) பல வழிகாட்டிப் புத்தகங்களிலேயே இந்தக் கதை இருந்ததால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது, ஆனாலும் திருத்தாமல் விட மனம் வரவில்லை.

முதலில் அந்தக் கூரை. இது ஊர்மக்களுக்கான கோயில், நம் கத்தோலிக்கர்கள் பங்குக் கோயில் என்பார்களே, சி.எஸ்.ஐ. வழக்கில் சேகர ஆலயம், அந்த வகை. பேராயர் இருக்கும் பேராலயம் இல்லை. ஆனால் அளவைப் பார்த்தால் நம்ப முடியாது. பிளைத் ஆற்றின் சேற்று நிலத்துக்கு மேலே தனியாக நிற்பதால் "சதுப்பு நிலத்துப் பேராலயம்" என்றே பெயர் வந்துவிட்டது. 15ஆம் நூற்றாண்டில் இது பிழைப்பு நன்றாக நடந்த ஆற்றுத் துறைமுகம். இங்கே இருந்த அகஸ்தீனார் மடத்துக்கு, கோயிலைப் புதிதாகக் கட்டிக்கொள்ள 1412-இல் நான்காம் ஹென்றி மன்னரின் அனுமதி கிடைத்தது, பழைய கோபுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் புதிதாக எழுப்பினார்கள். நல்ல கட்டடக் கல் கிடைக்காத பகுதி அது, அதனால் மண்ணில் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்லை உடைத்து, அதன் கருப்பு முகம் வெளியே தெரியும்படி, வெளியூரிலிருந்து வந்த வெள்ளைக் கல்லுக்கு நடுவே பதித்துக் கோலம் போட்ட மாதிரி சுவர் செய்திருக்கிறார்கள். உள்ளே நடுக்கூடத்தின் இரண்டு பக்கமும், தூண் வரிசைக்கு மேலே, சுவரே இல்லையோ என்று தோன்றும்படி நெருக்கமான ஜன்னல்கள். அந்த வெளிச்சம் முழுக்கக் கூரையில் போய் விழுகிறது.

குறுக்கே போகும் ஒவ்வொரு ஓக் உத்தரத்தின் நடுவிலும் இரண்டு தேவதூதர்கள், முதுகோடு முதுகு சேர்த்து, ஒருவர் கிழக்கே பார்க்க இன்னொருவர் மேற்கே பார்க்க, சிறகை அகல விரித்துக் கையில் கேடயத்தோடு இருக்கிறார்கள். சில இடங்களில் இன்று ஆள் இல்லை, சிலருக்குச் சிறகு போய்விட்டது. விட்டத்திலும் கைமரத்திலும் வெள்ளை பூசி அதன்மேல் சிவப்பிலும் பச்சையிலும் வரைந்த பூக்கள் மங்கிப்போய் இருக்கின்றன, ஆனால் அது அன்றைக்குப் பூசிய அதே வண்ணம், பிற்காலத்தில் யாரும் மேல்பூச்சுப் பூசவில்லை. நான் போனபோது கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சரி, துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். 1644 ஏப்ரலில் இந்த ஊருக்கு வந்தது குரோம்வெல் இல்லை, அவருடைய வீரர்களும் இல்லை. வந்தவர் வில்லியம் டவுசிங், சஃபோக் விவசாயி, தீவிர ப்யூரிட்டன், அதாவது கோயிலில் உருவங்களே கூடாது என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினர். கோயில்களில் இருக்கும் உருவங்களை அகற்ற வேண்டும் என்று பாராளுமன்றம் 1643-இல் போட்ட உத்தரவை நடத்திவைக்க மான்செஸ்டர் பிரபு இவரை நியமித்தார். குரோம்வெல் அப்போது அதே பிரபுவின் கீழ் குதிரைப் படைத் தலைவராக இருந்தவர், நாட்டை ஆள வந்ததெல்லாம் பல வருஷம் கழித்து. டவுசிங் போன ஊர், உடைத்த பொருள், வாங்கிய கூலி எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார், ஒரு கோயிலுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்பது வழக்கமான கட்டணம். பிளைத்பராவுக்கான குறிப்பும் இருக்கிறது. சில படங்களையும், "இவர் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்" என்ற மூன்று கல்வெட்டுகளையும் பற்றி எழுதிவிட்டு, 20 கேரூபீன்களை, அதாவது தேவதூதர் உருவங்களை, இறக்க வேண்டும், இன்னும் 200-க்கு மேற்பட்ட படங்களை 8 நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டதாகச் சொல்கிறார்.

கவனியுங்கள், "இறக்க வேண்டும்" என்கிறார். சுட்டோம் என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. உத்தரவைப் போட்டுவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், மிச்ச வேலையை ஊர்க்காரர்கள்தான் தங்கள் செலவில் செய்ய வேண்டும். அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்டி யார் ஏறுவது? அந்த ஊர்க்காரர்கள் மனசறிந்தே விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதற்குச் சாட்சி இன்றும் மேலே இருக்கும் தேவதூதர்களே.

அப்புறம் குண்டு எப்படி வந்தது? மரத்தில் ஈயக் குண்டு இருந்தது உண்மை. ஆனால் கூரையைப் பழுதுபார்த்தபோது எடுத்துப் பார்த்தவை போர்வீரன் மஸ்கெட்டில் போடும் குண்டு இல்லை, பறவை சுடும் சிறு ரவைகள், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஜாக்டா என்று ஒரு சின்னக் காக்கை அங்கே உண்டு, கோபுரத்திலும் கூரையிலும் கூடு கட்டும். அதை விரட்டச் சுட்டவர்களுக்குக் காசு கொடுத்த கணக்கு கோயில் பொறுப்பாளர்களின் ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அதாவது தேவதூதர்களுக்குப் பட்ட காயம், தங்கள் கோயிலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நினைத்த அதே ஊர் மக்களின் கையால் வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தக் கோயில்மேல் பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கருப்பு நாய்க் கதையைக் கட்டுரையாளர் "ஊரில் சொல்வார்கள்" என்று சொல்லி எழுதியது சரியான முறை. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடக்கும்போது புயலும் இடியும் வந்து, கோபுரத்தின் ஊசிமுனை கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது, ஆட்களும் இறந்தார்கள். அது நடந்த சம்பவம். அந்தப் புயலோடு பேய்போல ஒரு கருப்பு நாய் கோயிலுக்குள் வந்தது, வடக்குக் கதவில் இருக்கும் கருகிய தடங்கள் அதன் நகம் பட்டவை என்பது கதை. இந்த வித்தியாசத்தை அங்கே காட்டியவர், குண்டு விஷயத்தில் கதையையே வரலாறாக எழுதிவிட்டார், அதுதான் வருத்தம்.

அவர் விட்டுவிட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுத் துறைமுகம் மண்மூடிப் போய், ஊர் ஏழ்மையாகி, கூரை ஒழுகி, குடை பிடித்துக்கொண்டு ஆராதனையில் உட்கார்ந்தார்கள் என்கிற நிலைமை வந்து, 1881-இல் ஆபத்தான கட்டடம் என்று பேராயர் பூட்டச் சொன்னார். அந்த நேரத்தில்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தலையிட்டு, புதுசாக்குகிறோம் என்று பழையதை அழிக்காதீர்கள், பழுதை மட்டும் பாருங்கள் என்று விடாமல் சண்டை பிடித்தது. 1884-இல் மறுபடியும் திறந்தார்கள். பணமும் இல்லை, எதிர்ப்பும் இருந்தது, இரண்டும் சேர்ந்துதான் அந்த 15ஆம் நூற்றாண்டு வண்ணத்தை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தன என்பேன். அந்தக் காலத்தில் கையில் காசு இருந்த எத்தனையோ கோயில்களில் பழைய பெஞ்சும் பூச்சும் போயே போய்விட்டன. இங்கே பெருந்தீனியும் சோம்பேறித்தனமும் மனித உருவமாகச் செதுக்கிய பெஞ்சு முனைகள்கூட அப்படியே இருக்கின்றன.

உங்கள் இணையப் பதிப்பிலாவது அந்தப் பட விளக்கத்தை மாற்றிவிடுங்கள். குரோம்வெல் பெயரை எடுத்துவிட்டு, "15ஆம் நூற்றாண்டு ஓக் மரத் தேவதூதர்கள், டவுசிங் 1644-இல் இறக்கச் சொல்லியும் இறங்காதவர்கள்" என்று போட்டால் போதும், இடம்கூட அவ்வளவாகக் கூடாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை