பாட்டு திரும்பி வந்துவிட்டது: திருப்பூருக்கு ஒரு நன்றி மடல்

மக்களே,

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களிலிருந்து காணாமல் போயிருந்த நம் பாட்டெல்லாம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அநேகமாக எல்லாமே பழைய லிங்க், எத்தனை முறை கேட்டார்கள் என்ற பழைய கணக்கு, உங்கள் பிளேலிஸ்ட்டில் பழைய இடம். என்ன நடந்தது என்று திரும்பவும் சொல்லப் போவதில்லை. கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். படபடப்பு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் நன்றியை ஆறப்போட்டால் அது கடமைக்கு எழுதுகிற கடிதமாகிவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறோம்.

முதல் நன்றி திருப்பூர் தங்கச்சிக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆர்டர், கலர், சைஸ், அனுப்பும் தேதி என்று நாள் முழுக்க எக்செல் ஷீட்டோடு இருப்பவர், நம் பாட்டுக்கும் சத்தமில்லாமல் ஒன்று போட்டு வைத்திருக்கிறார். மாதம் ஒரு பாட்டு வர வர, வரிசைக்கு ஒன்றாக. எல்லோரும் ஆறுதல் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவரிடமிருந்து வந்தது ஒரு ஃபைலும் ஒரு வரியும்தான்: "இது உதவுமா பாருங்க அண்ணா."

உதவுமாவா? பாட்டு திரும்பி வந்ததே அதனால்தான். எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிற எல்லோருக்கும் பயன்படும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று ஒரு குறியீடு உண்டு. மொத்தம் 12 இடம்: முதல் 5 அதை வழங்கியவருடைய முன்னொட்டு, அடுத்த 2 வருடம், கடைசி 5 வரிசை எண். இந்தியாவில் இதைக் கவனிப்பது இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பு. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு வழக்கமாக டிஸ்ட்ரிப்யூட்டரே (பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடுவதால், அது அவர்களுடைய டாஷ்போர்டுக்குள்ளேயே கிடக்கும். டாஷ்போர்டு பூட்டிக்கொண்டால் குறியீடும் உள்ளே. வேறு டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக ஏற்றும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், அவர்கள் புதிதாக ஒன்று போடுவார்கள். அப்போது தளத்தின் கண்ணுக்கு அது வேறு பாட்டு: எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து, பழைய லிங்க் செத்தது செத்ததுதான். அதே குறியீடு, அதே ஆடியோ, அதே தலைப்பு, அதே கலைஞர் பெயர், அதே நீளம் என்று எல்லாம் பொருந்தினால் பெரும்பாலும் பழையதோடு ஒட்டிக்கொள்ளும்.

உலக அளவில் இசைப்பதிவு நிறுவனங்களின் அமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. நடத்தும் பொதுத் தேடல் தளத்தில் பாட்டுப் பெயர் போட்டால் குறியீடு கிடைக்கும்; தங்கச்சி அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார். பாட்டு வந்த உடனே எடுத்து வைத்ததுதான் விஷயம். சைபரையும் ஓ எழுத்தையும் குழப்பாமல் வேறு வைத்திருக்கிறார். கடைசி 7 இடத்தில் எழுத்தே வராது, அங்கே ஓ மாதிரி தெரிந்தால் அது சைபர்தான். முன்னொட்டில் மட்டும் இரண்டும் வரலாம். அந்த இடங்களை மஞ்சள் அடித்துக் காட்டியிருந்தார். தேடலில் குறியீடு நடுவே கோடு போட்டுக் காட்டினாலும் சில படிவங்கள் கோட்டை ஏற்காது. அதற்கு ஷீட்டில் தனியாக, கோடில்லாத குறியீட்டோடு ஒரு 'காலம்' (நெடுவரிசை).

குறியீட்டை விடவும் எங்களைக் காப்பாற்றியது பாட்டு நீளம் எழுதியிருந்த காலம். ஒரு பாட்டுக்கு ஹார்ட் டிஸ்கில் நாலைந்து மாஸ்டர் (முடித்த ஆடியோ ஃபைல்) கிடக்கும், எல்லாவற்றின் பெயரிலும் ஃபைனல் என்று இருக்கும். எது வெளியானது? ஒரு பாட்டில் 2:47, 2:51 என்று இரண்டு வேவ் ஃபைல். வித்தியாசம் கடைசியில் வரும் பேசின் பிரிட்ஜ் ரயில் சத்தம் மட்டும்தான். ஒன்றில் டக்கென்று நிற்கும், இன்னொன்றில் நாலு செகண்ட் இழுத்துத் தேயும். ஷீட்டில் 2:51 என்று இருந்தது. மாற்றி ஏற்றியிருந்தால் குறியீடு சரியாக இருந்தும் ஒட்டாமல் போயிருக்கலாம்.

தலைப்பின் எழுத்துக்கூட்டலையும் தளத்தில் இருந்தபடியே வைத்திருந்தார். ஒரு பாட்டில் 'ழ'வுக்கு இசட்-ஹெச், இன்னொன்றில் வெறும் எல். திருத்திவிட வேண்டும் என்று கை பரபரக்கும், திருத்தவே கூடாது. கூடப் பாடியவர் பெயர் தலைப்புக்குள் இருந்ததா, தனிக் கட்டத்தில் இருந்ததா என்பதும் குறித்திருந்தது. முதலில் வெளியான தேதி இன்னொரு காலம். ஏற்றும் படிவத்தில் 'முதல் வெளியீட்டுத் தேதி' கேட்கும் இடத்தை விட்டுவிட்டால், வருடக்கணக்கான பாட்டெல்லாம் இன்றைக்கு வந்த மாதிரி ஒரே குவியலாக நிற்கும். சிங்கிளாக வந்து பிறகு இ.பி.யிலும் (சில பாட்டுகள் கொண்ட சிறு தொகுப்பு) சேர்ந்த பாட்டுகளுக்கு ஒரே குறியீட்டை இரண்டு இடத்திலும் போட வேண்டும். அதற்கும் ஒரு காலம் இருந்தது. அதோடு, யார் பீட் (பாட்டுக்கு அடியில் ஓடும் இசை), யார் மிக்ஸ் (ஒலிக்கலவை) என்பதும். வெளியே யாரும் கேட்காத பெயர்களை ஒரு ரசிகை பாட்டு தவறாமல் எழுதி வைத்திருக்கிறார் என்றால், தங்கச்சி, என்ன சொல்வது.

அடுத்து எல்லோருக்கும் சேர்த்து. கேட்டவுடன் பழைய லைசென்ஸ் பி.டி.எஃப்.களைத் தோண்டி எடுத்து அனுப்பிய பீட் புரொட்யூசர்கள். பீட் பெயர், பாட்டுப் பெயர், தேதி, எக்ஸ்க்ளூசிவா இல்லையா என்று நாலும் தெளிவாக இருந்ததால்தான் ஒரே சுற்றில் ஒப்புதல் கிடைத்தது. மிக்ஸிங் அண்ணன். பழைய பாட்டெல்லாம் மைனஸ் 7 எல்.யூ.எஃப்.எஸ். (சத்தத்தின் அளவு) வரை நசுக்கியவை, ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14-க்கு இறக்கித்தான் வாசிக்கும், இதுதான் சாக்கென்று மறுபடி மாஸ்டர் பண்ண அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் ஒரு பாயிண்ட்கூடத் தொடவில்லை. கவர் படங்களை 3000-க்கு 3000 அளவில் மறுபடி எடுத்துக் கொடுத்த வியாசர்பாடி தம்பிகள், மெயில் மேல் மெயில் போட்ட வக்கீல் அக்கா, பாட்டே இல்லாத நாட்களில் மேடை கொடுத்த காலேஜ் பிள்ளைகள், வரியை ஒப்பித்து வாய்ஸ் நோட் அனுப்பிய அத்தனை பேரும்.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. பாட்டு திரும்பியதும் நாலு போனில் சத்தத்தை அணைத்து ராத்திரி முழுக்க ஓட விட்டதாகச் சிலர் பாசமாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 30 செகண்ட் தாண்டினால் ஸ்பாட்டிஃபையில் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு என்பது உண்மைதான். ஆனால் ஒரே பாட்டு, ஒரே வீடு, விடிய விடிய என்றால் அது பாட் (தானாக ஓடும் புரோகிராம்) ஓட்டுவது போலத்தான் தெரியும். உங்கள் அன்பை மெஷினுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் கேரண்டி' என்று காசு வாங்கும் பிளேலிஸ்ட்டுகளில் நம் பாட்டைப் பார்த்தால் லிங்க்கை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். யார் வேண்டுமானாலும் யார் பாட்டையும் அப்படிச் சேர்க்கலாம், அடி விழுவது பாட்டுக்காரனுக்கு. உண்மையிலேயே உதவ நினைத்தால் பாட்டை சேவ் செய்யுங்கள், பிடித்த ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள். அது போதும்.

எங்கள் பக்கத்து வாக்கு: இனி எந்தப் பாட்டும் ஷீட்டில் வரிசை நிரம்பாமல் வெளியே போகாது. குறியீடு, நீளம், பி.பி.எம். (தாள வேகம்), பீட் போட்டவர், மிக்ஸ், எழுத்துக்கூட்டல், வெளியான அதே வேவ் ஃபைல் இரண்டு டிஸ்கில். யாருக்கு எத்தனை சதவீதம் என்ற ஸ்ப்ளிட் ஷீட்டில் ரெக்கார்டிங்குக்கு முன்பே கையெழுத்து. எழுதியவர், இசையமைத்தவர் பெயரில் அவர்களுக்கு ராயல்டி வாங்கித் தரும் அமைப்பான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் பதிவு, 2012 சட்டத் திருத்தம் கொடுத்த ராயல்டி உரிமையை வாங்காமல் விடுவது நம் ஆட்களிடம் ரொம்ப நாள் பழக்கம். கிரெடிட்ஸ் காலத்தை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைக்கிறோம்.

அடுத்த பாட்டு வழக்கம்போல வெள்ளிக்கிழமை, ஆனால் இந்த மாதம் இல்லை. ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பிட்ச் செய்தால் (பாட்டை அவர்களிடம் முன்வைத்தால்) பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் வரும். நாங்கள் இனி மூன்று வாரம் முன்பே ஏற்றப் போகிறோம்.

இரண்டு பாட்டு இன்னும் பழைய கணக்கோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, பேசிக்கொண்டிருக்கிறோம். அவை தவிர வேறு எந்தப் பழைய லிங்க்காவது திறக்கவில்லை என்றால் பாட்டுப் பெயர், ஆப் பெயர் இரண்டையும் போட்டு எழுதுங்கள். திருப்பூரிலிருந்து அதற்கும் ஒரு காலம் சேர்த்து ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள்.