பகடியையும் போலிக் குரலையும் ஒரே மனுவில் சேர்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய வேட்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். பழனி சட்டமன்றத் தொகுதியில், கொடைக்கானல் மேல்மலையில் வாக்குள்ளவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தங்கள் பெயரில் நையாண்டிப் பக்கம் நடத்தும் இளைஞர்களைக் கைது செய்ய வேண்டும் என்று தங்கள் தரப்பினர் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். தாங்கள் போட்டியிலிருந்து விலகிவிட்டதாகத் தங்கள் குரலிலேயே சொல்லும் ஓர் ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றி வருவதும் அதே மனுவில் இடம்பெற்றிருக்கிறது. இரண்டையும் ஒரே குற்றமாக எழுதியிருக்கிறார்கள். அவை ஒன்றல்ல. முதல் புகாரைத் தாங்கள் திரும்பப் பெற வேண்டும்; இரண்டாவதை விடாமல் நடத்த வேண்டும்.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை நான் முழுமையாகத் தங்கள் பக்கம். கிளாவரை, போளூர் போன்ற ஊர்களில் அலைபேசிக்கு எல்லா நேரமும் சிக்னல் கிடைப்பதில்லை. உறவினர் ஒருவர் அனுப்பிய ஒலிப்பதிவு மாலையில் வந்து சேர்ந்தால், அது உண்மையா என்று விசாரித்து அறிவதற்குள் வாக்குப்பதிவே முடிந்துவிடக்கூடும். வேட்பாளர் விலகிவிட்டார் என்று நம்பும் வாக்காளர் தம் வாக்கை வேறொருவருக்குப் போடுவார், அல்லது சாவடிக்கே போகாமல் இருந்துவிடுவார். ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. இத்தகைய போலிப் பதிவுகள் கட்சிகளின் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2024 மே 6 அன்று அவற்றுக்கு உத்தரவிட்டது இதை மனத்தில் வைத்துத்தான். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் தாங்கள் உடனே முறையிட வேண்டும். மறுப்பைத் தங்கள் முகம் தெரியும்படி ஊர் ஊராகச் சொல்லவும் வேண்டும்.

நையாண்டிப் பக்கம் அப்படிப்பட்டதன்று. பக்கத்தின் பெயரிலேயே 'நையாண்டி' என்ற சொல் இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட காணொளியில் ஓர் இளைஞர் தங்களைப் போலத் துண்டு அணிந்து, தங்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு, "அடுத்த அறுவடைக்கு உங்கள் பூண்டை மன்னவனூரிலேயே விற்கலாம்" என்று கையை உயர்த்திச் சொல்கிறார். அவருக்குப் பின்னால் மூட்டை ஏற்றிய லாரி சமவெளியில் உள்ள வடுகபட்டிச் சந்தைக்குக் கிளம்புகிறது. பார்ப்பவர் எவரும் அதைத் தாங்கள் பேசியதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. தங்கள் குடும்பத்தைப் பற்றியோ, சாதியைப் பற்றியோ, தனிவாழ்க்கையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. மலையிலேயே பூண்டுக்குச் சந்தை என்று தாங்கள் மேடையில் கொடுத்த வாக்குறுதியைச் சற்று நீட்டிக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வாக்குறுதி எளிதாகக் கடந்து போகக்கூடியதும் அன்று. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் பூம்பாறையிலும் கவுஞ்சியிலும் விளைந்த பூண்டைச் சமவெளிக்கு இறக்கி, அங்கே சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதே இங்குள்ள விவசாயியின் வழக்கமாக இருக்கிறது. தங்களுக்கு முன்பு வாக்குக் கேட்டு வந்தவர்களும் இதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போனார்கள். ஆகவே அந்தக் காணொளியில் சிரிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கேள்வி. அதைக் கேட்டவர்களைக் காவல் நிலையத்துக்கு இழுப்பது, கேள்விக்குப் பதில் இல்லை என்று தாங்களே ஊருக்குச் சொல்வதாக ஆகிவிடும்.

சட்டமும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(4) பிரிவில், ஒரு வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய்யென்று தெரிந்தே ஒரு செய்தியை உண்மைபோல வெளியிடுவதை ஊழல் நடவடிக்கை என்கிறது. அதையும் எதிர்த்து நிற்கும் வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர்களின் சம்மதத்தோடு வேறொருவரோ செய்தால்தான் அப்பிரிவு பொருந்தும். அங்கே கேட்கப்படுவது 'உண்மையென்று சொல்லப்பட்டதா' என்பதே. 'மனம் புண்பட்டதா' என்பதன்று. புண்படுத்துவதையும் எரிச்சலூட்டுவதையுமே குற்றமாக்கி வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் முற்றாக ரத்து செய்தது. ஒன்றை விவாதிப்பதும், அதற்காக வாதாடுவதும் பேச்சுரிமைக்குள் அடங்கும். தூண்டிவிடும் எல்லையைத் தொடும்போதுதான் அரசு கை வைக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ரத்தான பின்பும் காவல் நிலையங்கள் அந்தப் பிரிவிலேயே வழக்குப் பதிந்து வந்ததால், 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டியிருந்தது. தங்கள் தரப்பினரின் மனுவில் 'மன உளைச்சல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதாகக் கேள்விப்பட்டபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

நமக்கு மிக அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. நம் மாவட்டத்துச் சிறுமலைக்குக் குடும்பத்தோடு சென்றுவந்த அரசியல் கட்சி நிர்வாகி ஒருவர், படங்களை முகநூலில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று வேடிக்கையாக எழுதினார். வாடிப்பட்டி காவல்துறை அதை அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்ததாக வழக்காக்கியது. அவரைக் காவலில் வைக்க நடுவர் மறுத்தார். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவ்வழக்கை ரத்து செய்து, நகைச்சுவைக்கான உரிமையை பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவிலேயே காணலாம் என்ற கருத்தைப் பதிவு செய்தார். அந்தத் தீர்ப்பைத் தாங்கள் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும்.

சட்டமன்றமே சிரிப்பைத் தண்டித்த வரலாறும் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பேரவை 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கண்டனம் எழவே சில நாட்களில் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு அளித்தது. அந்த ஜோக்கைப் பத்திரிகை வாங்காதவர்களும் தெரிந்துகொண்டது தண்டனையால்தான்.

கொடைக்கானல்காரனுக்குப் பகடியின் பயன் இன்னொரு வகையிலும் தெரியும். இங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளியே தெரிந்து 2001-ல் ஆலை மூடப்பட்ட பின், முன்னாள் தொழிலாளர்கள் நீதி கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2015-ல் ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப், உலகமே அறிந்த ஒரு ராப் மெட்டில் தம் வரிகளைப் பொருத்திப் பாடிய காணொளி பல லட்சம் பேரிடம் இச்செய்தியைக் கொண்டு சேர்த்தது. 2016 மார்ச்சில் அந்த ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு ஒன்றே அதைச் சாதித்தது என்று சொன்னால் தெருவில் நின்று போராடியவர்களுக்குச் செய்யும் அநீதியாகிவிடும். ஆனால் மனுக்களுக்குத் திரும்பாத முகங்களை அந்தப் பாட்டு திருப்பியது.

தங்கள் தரப்பில் நியாயமான ஒரு கவலை இருப்பதை நான் மறுக்கவில்லை. பக்கத்தின் பெயரில் நையாண்டி என்று இருந்தாலும், யாரோ அந்தக் காணொளியைப் பதிவிறக்கிப் பெயரை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்ப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அலைபேசிக்குப் புதியவரான ஒரு முதியவர் குழம்பவும் கூடும். இதற்கான வழி கைது அன்று. காணொளியின் திரையிலேயே, தொடக்கம் முதல் முடிவு வரை, 'நையாண்டி' என்ற சொல் தெரியும்படி போடுங்கள் என்று அந்த இளைஞர்களிடம் கேட்கலாம். நேரில் கேட்டால் செய்வார்கள் என்றே நான் நம்புகிறேன். வெட்டி அனுப்புகிறவர் ஏமாற்றும் நோக்கத்தோடு செய்திருந்தால், அவர்மீது புகார் கொடுங்கள். முதலில் சிரிக்க வைத்தவர்மீது வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூஞ்சிக்கல்லில் தங்களுக்கு ஆதரவாக நடந்த கூட்டத்தில், தங்கள் கட்சிப் பேச்சாளர் எதிரணித் தலைவரின் குரலில் நெடுநேரம் பேசிக் கைதட்டல் வாங்கினார். தாங்களும் மேடையில் அமர்ந்து மனம்விட்டுச் சிரித்தீர்கள். அதில் தவறில்லை, தேர்தல் மேடையில் மிமிக்ரி நமக்குப் பழகிய ஒன்று. மைக்கும் கட்சிக் கொடியும் உள்ளவருக்கு இருக்கும் அந்த உரிமை, அலைபேசி மட்டுமே உள்ள இருபது வயதுக்காரருக்கும் இருக்கத்தான் வேண்டும். மேலும் தாங்கள் பிரமாணப் பத்திரத்தில் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்; எது தங்கள் பக்கம், எது தங்களுடையதன்று என்பதை அந்த முகவரிகளைப் பரப்பியே மக்களுக்குத் தெளிவாக்கிவிட முடியும்.

அந்த இளைஞர்களில் ஒருவர் இந்த ஆண்டு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். வழக்கு நிற்காமல் போகலாம். ஆனால் அது ரத்தாகும் வரை காவல்துறைச் சரிபார்ப்பிலும், மதுரைக்கும் கொடைக்கானலுக்குமாக அலைவதிலும் அவருடைய காலம் போய்விடும். எனவே மனு முதல் தகவல் அறிக்கையாக மாறுவதற்கு முன்பே, பக்கம் தொடர்பான பகுதியைத் திரும்பப் பெறுவதாக எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். அடுத்து மன்னவனூருக்கு வாக்குக் கேட்டு வரும்போது, பூண்டுக்கு இங்கே சந்தை எந்த இடத்தில், யார் பொறுப்பில், எந்த ஆண்டுக்குள் அமையும் என்பதைச் சொல்லுங்கள். கேட்பதற்கு நாங்கள் வருவோம். காணொளி எடுத்த இளைஞர்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
மேல்மலை வாக்காளர் ஒருவன்